அம்மன் குளத்து உப்பு

போன மாதம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவது ஏன் தெரியுமா என்று ஆரம்பித்து, நம் முன்னோர் நைட்ரைட் பற்றி அப்போதே அறிந்திருந்தார்கள் என்று முடிந்தது. நடுவில், சேத்தூர் பக்கத்தில் ஒரு ஊரில் செத்துக் கிடந்த மீன்களை ஒரு விஞ்ஞானி உப்பு போட்டு எழுப்பினார் என்று ஒரு கதை. அதன் கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக விழுந்தன. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மீன்களின் செவுளைத் திறந்து பார்த்தவள் நான். எந்த மீனையும் யாரும் எழுப்பவில்லை. செத்தது செத்ததுதான், சாகக் கிடந்தவை பிழைத்தன. எப்படி என்பதை ஒழுங்காக எழுதிவைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சுகந்தி. ஊர் இராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரு சின்ன மீன் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறிப் போகவேண்டிய ஊரில் என்ன மீன் ஆராய்ச்சி என்று கேட்காதவர்கள் இல்லை. கல்யாணமான புதிதில் என் மாமியார் நான் மீன் கடையில் கணக்கு எழுதுகிறேன் என்றே நினைத்திருந்தார். சாயங்காலம் வரும்போது நல்ல அயிரையாகப் பார்த்து வாங்கிவரச் சொல்வார். எங்கள் பக்கம் கடல் இல்லையே தவிர கண்மாய்க்குக் குறைச்சல் இல்லை. மழையில் நிறைந்தால் குஞ்சு விடுவார்கள், கோடையில் வற்றும்போது பிடிப்பார்கள். எந்தத் தண்ணீருக்கு எந்தக் குஞ்சு, எவ்வளவு விட்டால் தாங்கும், ஏன் வளரவில்லை, ஏன் செத்தது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. படித்தது விலங்கியல். கடற்கரையில் கொஞ்ச நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படகில் ஏறிய அன்றே வாந்தி எடுத்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலை கற்றுக்கொண்டது ஜெகநாதன் சாரிடம்.

ஜெகநாதன் சார்தான் ஆய்வகத்துக்குத் தலைவர். உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. எங்களோடு தமிழ், மேலதிகாரிகளோடு ஆங்கிலம், சோதனைக் குழாயில் சொட்டு எண்ணும்போது மட்டும் தன்னையறியாமல் தெலுங்குக்குப் போய்விடுவார். வெளியூர் கிளம்பினால் குடை எடுத்து வருவார். அது தண்ணீர் பிடித்த புட்டிகளுக்கு; அவர் வெயிலில் நிற்பார். ஜீப்புக்குள் ‘விஷம்’ என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் காரணம் சொல்லக்கூடாது.

“பாத்ததச் சொல்லும்மா. நெனச்சத சாப்பாட்டுக்குப் பொறவு சொல்லலாம்” என்பார்.

காலையிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் கண் அதைத் தவிர வேறு எதையும் பார்க்காது என்பது அவர் கட்சி. எனக்கோ வாய் நிற்காது. எத்தனையோ நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறேன். மற்ற அதிகாரிகளிடம் தெரியாத ஒன்றைக் கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதாவது சொல்வார்கள். சார், டீ வேண்டாம் என்று சொல்வதைப் போல அத்தனை சுலபமாக, “தெரியாது” என்பார். முதலில் எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. பிறகு அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, பொங்கல் கழிந்த வாரத்தில் சுடலைமுத்துவிடமிருந்து போன் வந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவர் ஊர். அங்கே அம்மன் கோயிலை ஒட்டி ஒரு குளம். ஊர்ப் பொதுக் குளம். அதை ஊரிடம் குத்தகைக்கு எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் வாங்கி வரும் கட்லா, ரோகு குஞ்சுகளை விரல் நீளம் வளர்த்துக் கண்மாய்க்காரர்களுக்குக் கொடுப்பார். சுற்றுவட்டாரக் கண்மாய் பாதிக்கு அவர் குஞ்சுதான். குளக்கரையில் வெள்ளையடித்த கற்கள் அணிவகுத்து நிற்கும். தீவனம் போடும் நேரத்தில் விசில் அடிப்பார். மீனுக்கு விசில் கேட்குமா என்று நான் கேட்டதற்கு, “எனக்குக் கேக்கணும்லா மேடம்” என்றார்.

அன்று போனில் அந்த மிடுக்கு இல்லை. “மேடம், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. நேத்துலருந்து செத்து ஒதுங்குது. நாளைக்கழிச்சுச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். அம்மனுக்குக் கோவம், இவன்கிட்ட இருந்து குளத்தப் பிடுங்குங்கன்னு சொல்லுதாவ. எனக்கு அதவிட்டா வேற என்ன இருக்கு. ஓடைக்கு மேல பேண்டேஜ் துணி வெளுக்குற கம்பெனி ஒண்ணு வந்திருக்கு, அதுலருந்துதான் விஷம் வருது. நீங்க வந்து பாத்து எழுதிக் குடுங்க.”

மறுநாள் காலையில் போய் இறங்கும்போதே படிக்கட்டு முழுக்க ஆட்கள். சார் யாரிடமும் பேசாமல் முதலில் குளத்தை ஒரு சுற்று நடந்தார். அது அவர் வழக்கம். கருவியைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னால் கால்தான் சுற்றிவர வேண்டும். நான் பின்னால் நடந்து பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். குஞ்சுகள் மேலே வந்து காற்றுக்குத் தவிக்கின்றன. கரையோரம் செத்தவை. ஆனால் தண்ணீர்மேல் ஓடும் பூச்சிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பாசிக்குள் இறால் உயிரோடு இருக்கிறது. நத்தை உயிரோடு இருக்கிறது.

சார் நின்று அந்தப் பூச்சிகளைச் சற்று நேரம் பார்த்தார். பூச்சிமருந்து கலந்திருந்தால் முதலில் சாவது பூச்சியும் இறாலும்தான், மீன் அப்புறம். வெளுக்கிற காரம் இருக்கிறதா என்று சோதனைத் திரவம் விட்டுப் பார்த்தோம். நிறம் மாறவேயில்லை. அடுத்தது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். கருவியைப் பார்த்துவிட்டு நான் மறுபடி கழுவி விட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. காற்று நிறைந்த தண்ணீரில் மீன் காற்றுக்குத் தவிக்கிறது.

“அப்ப கம்பெனித் தண்ணி இல்ல சார்” என்று வாய் தவறி வந்துவிட்டது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. நான் மீன் கூடையை எடுக்கப் போனேன்.

இரத்தம் பார்க்க நாங்கள் எப்போதும் இராஜபாளையம் காஸ் துணிதான் கொண்டுபோவோம். காயத்துக்குக் கட்டுகிற அந்தச் சல்லடைத் துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆய்வகத்துத் தொட்டியிலிருந்து கொண்டுவந்த நல்ல மீன் ஒன்றையும், குளத்தில் தவித்துக்கொண்டிருந்த மீன் ஒன்றையும் எடுத்து, இரண்டின் செவுளிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு துணியில் வைத்தேன். நல்ல மீனின் இரத்தம் சிவப்பாகப் பரவியது. குளத்து மீனின் இரத்தம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. காற்றுப் பட்டால் சிவக்கும் என்று துணியை ஆட்டிப் பார்த்தேன். சிவக்கவில்லை. புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். துணி கைமாறிப் படிக்கட்டுவரை போனது. “பாத்தியா, ஆத்தா ரத்தத்தையே சுட்டுட்டா” என்று யாரோ சொல்வது கேட்டது. சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

இரத்தம் பழுப்பானால் தேடவேண்டியது நைட்ரைட். மீன் கழிவும், மீன் தின்னாமல் விட்ட புண்ணாக்கும் அழுகும்போது உண்டாகிற ஒரு பொருள். அது மீனின் இரத்தத்தில் புகுந்துவிட்டால், ஆக்சிஜனைச் சுமக்கிற வேலையை இரத்தம் செய்ய முடியாமல் போகும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். சோதனைக் குழாயில் திரவத்தை விட்டதும் தண்ணீர் ரோஜா நிறமானது. நிற அட்டையோடு ஒப்பிட்டேன். இருக்கவேண்டியதைவிட அதிகம். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு முந்தின தையில் குஞ்சு தரம் பார்க்க இதே குளத்துக்கு வந்து, இதே சோதனையைச் செய்து, இதே ரோஜா நிறத்தைப் பார்த்தவள் நான்தான். அன்றைக்கு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. தீவனத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனோம், அவர் குறைக்கவில்லை. ஆக, நைட்ரைட் போன வருடமும் இருந்தது. அப்போது ஏன் சாகவில்லை?

சார் சுடலைமுத்துவிடம் கேட்டார். “போன வருசத்துக்கும் இந்த வருசத்துக்கும் என்ன மாறிச்சு?”

“ஒண்ணுமே மாறல சார். அதே புண்ணாக்கு, அதே தவிடு, அதே ஓடைத் தண்ணி. மழதான் இந்த வருசம் கூட. குளம் ரெண்டு வாட்டி நெறஞ்சு வழிஞ்சு மறுகால் போச்சு. நான் வல கட்டிக் குஞ்ச நிறுத்திட்டேன்.”

சார் டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் கை கழுவக் கோயில் குழாயடிக்குப் போனேன். பக்கத்தில் கோயில் வாசலில் உப்பு, மிளகுப் பொட்டலம் விற்கிற பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். என் வெள்ளைக் கோட்டையும் காஸ் துணியையும் பார்த்துவிட்டு அந்த ஊரில் எல்லாரும் என்னை நர்ஸ் ஆக்கிவிட்டார்கள்.

“நர்சம்மா, கழுத்துல மரு கெடக்கே. உப்பு போடலியா?” என்றார்.

மரு இருந்தால் அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்ததுதான். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரையுமாம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எதையும் கேட்காமல் வர எனக்குத் தெரியாது.

“எதுல போடணும் ஆச்சி?”

“இப்ப இந்தத் தொட்டில போடுதாவ” என்று ஒரு சிமெண்டுத் தொட்டியைக் காட்டினார். ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது, மிளகு மிதந்தது. “முன்ன குளத்துலதான் போடுவோம். வெள்ளி, செவ்வாய்னா எம்புட்டு சனம் வரும் தெரியுமா. மீனுக்கு உப்பு ஆகாதுன்னு இந்த மிலிட்டரிக்காரரு தொட்டி கட்டிட்டாரு. அதுலருந்துதான் ஆத்தாளுக்கு மனசு சரியில்ல.”

“எப்பக் கட்டுனாரு?”

“அது ஆச்சு, போன வருசத்துக்கு முந்துன வருசம் ஆடி.”

நான் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். “சார், சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப சொல்லலாமா?”

சார் கேட்டார். கேட்டுவிட்டு உப்பின் அளவு பார்க்கும் பெட்டியை எடுத்தார். குளத்துத் தண்ணீரில் மஞ்சள் திரவம் கலந்து, அதில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். தண்ணீரில் உப்பு இருக்கும்வரை மஞ்சளாகவே இருக்கும். உப்பு தீர்ந்த சொட்டில் செங்கல் நிறம் வரும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கெல்லாம் சார் தெலுங்கில் எண்ணி எண்ணி வாய் வலித்துப் போவார். அன்று “ஒகட்டி, ரெண்டு” என்றார். குழாய் செங்கல் நிறமாகிவிட்டது. மூன்றாவது எண்ணுக்கு வேலையே இல்லை.

மலையிலிருந்து நேராக இறங்கும் ஓடைத் தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி. அதில் உப்பே கிடையாது. குளத்தில் இருந்த உப்பெல்லாம் மருவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் போட்டது. உப்பில் இருக்கும் குளோரைடும் இந்த நைட்ரைட்டும் மீனின் செவுளில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டில் சேத்தூர் பஸ் வந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்குமே, அப்படிக் குளோரைடு நின்றால் நைட்ரைட் ஏற முடியாது. தொட்டி கட்டியதும் புதிய உப்பு விழுவது நின்றது. ஆனால் பழைய உப்பு தண்ணீரில் மிச்சம் இருந்ததால் போன வருடம் மீன் தப்பியது. இந்த வருடம் மழை கூடி, இரண்டு முறை மறுகால் பாய்ந்து, மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் வாசலில் கூட்டம் இல்லை.

சுடலைமுத்து எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். பிறகு வெள்ளையடித்த கல் ஒன்றில் உட்கார்ந்தார். “அப்ப நாந்தான் கொன்னனா சார்?”

“எனக்கு இன்னும் தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் சார்.

மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளில் அதே குளத்துத் தண்ணீரை நிரப்பி, தவிக்கிற குஞ்சுகளைப் பிரித்து விட்டோம். ஒன்றை அப்படியே வைத்தோம். ஒன்றில் காற்றுக் குழாய் ஓடவிட்டோம். மூன்றாவதில் சார் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு கல்லுப்பைக் கரைத்தேன். ஊரே வந்து சுற்றி நின்றது. காற்றுக் குழாய் இருக்கும் தொட்டிக்குத்தான் ஆதரவு அதிகம். குமிழி விடுவதால் பார்க்க நன்றாக இருந்தது.

நாங்கள் கிளம்பும்போது சுடலைமுத்து ஜீப் வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், உப்ப நிறுத்துனதாலதான்னு நீங்க சொன்னா, கூட்டத்துல என்னய உயிரோட விடமாட்டாவ. அம்மன் குத்தம்னு ஆயிரும். குளம் போயிரும். கம்பெனித் தண்ணின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவியளுக்கு என்ன நட்டம், பெரிய ஆளுக.”

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. உள்ளபடி சொன்னால், எழுதிக் கொடுத்தால்தான் என்ன என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. சார் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“அங்க வேலை பாக்குற ஆளுக சின்ன ஆளுகதான சுடலைமுத்து. பூச்சி ஓடுது, இறால் இருக்கு. அது அவங்க தண்ணி இல்ல. இல்லாதத நான் எழுத மாட்டேன். நாளைக்கிக் கூட்டத்துல உங்க பக்கத்துல வந்து நிக்கேன்.”

மறுநாள் விடிந்ததும் போனோம். முதல் தொட்டியில் பாதி செத்திருந்தன. குமிழி விட்ட தொட்டியிலும் குஞ்சுகள் மேலேயே தவித்தன. உப்புத் தொட்டியில் தண்ணீர்மேல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செத்து அடியில் கிடக்கிறதோ என்று பயந்தேன். குனிந்து பார்த்தால், அடியில் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இரத்தம் எடுத்துக் காஸில் வைத்தேன். சிவப்பு திரும்பிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலைக்காலத்தில் அதைப்போல் சந்தோஷப்பட்ட காலை இன்னொன்று இல்லை.

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். ஊர்த்தலைவர் சாரைப் பேசச் சொன்னார். சார் எழுந்திருப்பதற்குள் சுடலைமுத்து எழுந்துவிட்டார். அட்டென்ஷனில் நிற்பதுபோல் நின்றார்.

“குளத்துல உப்பு விழாததாலதான் மீன் செத்துச்சு. உப்ப நிறுத்துனது நான். கம்பெனிக்காரவுகளச் சொன்னது தப்பு. நல்லது செய்யுறதா நெனச்சுத்தான் தொட்டி கட்டுனேன். இனி நீங்க என்ன சொன்னாலும் சரி.”

சார் எழுந்து, உப்பு மருந்தல்ல, காவல்தான் என்றும், அசல் காரணம் அதிகமாகப் போட்ட புண்ணாக்கு என்றும், அதைக் குறைத்தே ஆகவேண்டும் என்றும், உப்பையும் அளந்துதான் போடவேண்டும், கூடிப்போனால் அதுவும் கெடுதல் என்றும் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கேட்கவே இல்லை. அவர்களுக்கு உப்பு என்ற சொல்லே போதுமாயிருந்தது. “அப்ப ஆத்தா கோவம்னு நாங்க சொன்னது சரிதான. வேற ஆளுக்குக் குளத்தக் குடுங்க” என்று ஒரு குரல் வந்தது. அதை ஆமோதித்து நாலைந்து குரல்.

அதுவரை சுடலைமுத்துவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் பின்னாலிருந்து எழுந்தார்.

“வேற எவனுக்குக் குடுத்தாலும் அவனும் ஒருநா மீனுக்கு உப்பு ஆகாதுன்னு தொட்டிதான் கட்டுவான். இவனுக்குத்தான் இப்பத் தெரியும்லா. தெரிஞ்சவன் கையிலயே இருக்கட்டும்.”

ஊர்த்தலைவர், குளம் சுடலைமுத்துவிடமே இருக்கட்டும் என்று சொல்லி ஒரு நிபந்தனை போட்டார். குளத்தை யார் வைத்திருந்தாலும், தை பிறந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை முதல் பிடி உப்பை அவர் கையால் போடவேண்டும். சுடலைமுத்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போடுதேன்” என்றார். அன்றிரவே சார் கணக்குப்படி குளத்திலும் உப்பைக் கரைத்தோம்; தவித்தவை பிழைத்தன.

திரும்பும்போது ஜீப்பில் நான் பொருமினேன். நாம் கண்டுபிடித்ததை அம்மன் பெயரில் எழுதிவிட்டார்களே என்று. சார் குடையை மடித்துக்கொண்டிருந்தார். முதலில் குளத்தில் உப்பு போடச் சொன்ன யாரோ ஒருவருக்கு மீன் விஷயம் தெரிந்திருக்குமா சார் என்று கேட்டேன். “தெரியாது” என்றார். அந்தக் காலத்தில் யாரும் குளத்தில் மூட்டை மூட்டையாகப் புண்ணாக்கு கொட்டவில்லை. நைட்ரைட்டும் இருந்திருக்காது. மருவுக்குப் போட்ட உப்பு, வேறொரு காலத்தில் மீனுக்கு உதவியிருக்கிறது. எனக்கு அதுதான் ஆச்சரியம். முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று கை கூப்பிவிட்டால் அந்த ஆச்சரியம் போய்விடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னேன். அதற்கும் இரண்டு கும்பிடு விழுந்தது.

இந்தத் தையில் சுடலைமுத்து கூப்பிட்டார். குளம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. முழங்காலில் ஆபரேஷன், படி இறங்க முடியவில்லை. ஊரில் கேட்டுவிட்டாராம், தன் பேரில் முதல் பிடியை நான் போடலாமாம். சேத்தூர் பஸ் பிடித்துப் போனேன். சிமெண்டுத் தொட்டிக்கு அடியில் குழாய் வைத்துக் குளத்துக்குத் திருப்பியிருந்தார். மிளகு போகாமல் குழாய் வாயில் காஸ் துணி கட்டியிருந்தது. தண்ணீரில் ஒரு மிதவைக் கருவி. அதிலிருந்து ஆக்சிஜன் அளவு அவர் போனுக்கே வருகிறது. உப்பை மட்டும் இன்னும் சொட்டு எண்ணித்தான் பார்க்கிறார்.

பேச்சியம்மாள் அதே இடத்தில் இருந்தார். பார்வை மங்கிவிட்டது, என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “மரு அப்படியே கெடக்கே நர்சம்மா” என்று ஒரு பிடி உப்பை என் கையில் வைத்தார்.

“ஆச்சி, இது சுடலைமுத்து பேருல போடுற உப்பு. மீனுக்குத்தான்” என்றேன்.

“போடு. யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும்” என்றார்.

படியிறங்கிக் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் வைத்து விரித்தேன். குஞ்சுகள் தீவனமென்று நினைத்து ஓடிவந்து, விரலை முகர்ந்துவிட்டு ஏமாந்து திரும்பின. உப்பு கரைந்து முடியும்வரை கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே கல்லில் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து விசில் அடித்தார்.